ஏவிசின்த் செருகுநிரலில் சரமும் நினைவகமும்: அறிகுறியிலிருந்து பிழையைப் பிடிக்கும் வழிமுறை

ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவைக் கையாள உதவும் மென்பொருளான ஏவிசின்த் பிளஸுக்குச் சி பிளஸ் பிளஸில் செருகுநிரல் எழுதும்போது, படக் கணக்கில் நேரும் தவறு உடனே கண்ணில் படும். நிறம் மாறியிருக்கும், விளிம்பு உடைந்திருக்கும், சூத்திரத்தைத் திருத்தினால் சரியாகிவிடும். சரங்களிலும் நினைவகத்திலும் நேரும் தவறு அப்படி நடந்துகொள்வதில்லை. தவறான வரி ஸ்கிரிப்ட் திறக்கும்போதே ஓடி முடிந்திருக்கும். அதன் விளைவோ பத்தாயிரம் ஃபிரேம் கழித்து, தொடர்பே இல்லாத இன்னொரு ஃபில்டரின் தலையில் விழும். ஆகவே நிரலை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு போவதைவிட, கண்ணில் படும் அறிகுறியின் வடிவத்தைக் கவனித்து அங்கிருந்து பின்னோக்கிச் செல்வதே விரைவான வழி. கீழே உள்ளவை 64 பிட் விண்டோஸ், விஷுவல் ஸ்டுடியோ ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நேரலை மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டுடியோவில் விதிகள் வேறு. அவை இறுதியில் வருகின்றன.

படத்தின் மேல் வரும் எழுத்து குப்பையாக இருக்கிறது

முதலில் குப்பையின் தோற்றத்தைப் பார்க்கவும். சரத்தின் தொடக்கத்தில் சில எழுத்துகள் மட்டும் சிதைந்து, மீதிப் பகுதி சரியாக இருந்தால், பெரும்பாலும் அது விடுவிக்கப்பட்ட ஹீப் நினைவகம் (நிரல் தேவைப்படும்போது கேட்டு வாங்கி, பிறகு விடுவிக்கும் இடம்). விடுவிக்கப்பட்ட துண்டின் முதல் சில பைட்டுகளை நினைவக மேலாளர் தன் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்வதால் தலை மட்டும் கெடுகிறது. முழுச் சரமும் கெட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை வந்தால், ஸ்டேக்கில் (செயற்கூறு ஓடும்போது மட்டும் அதன் மாறிகள் தங்கும் இடம்) இருந்த உள்ளூர் மாறியைச் சந்தேகிக்கலாம். விஷுவல் ஸ்டுடியோவின் டீபக் பதிப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: நினைவகச் சாளரத்தில் 221 என்ற பைட் மதிப்பு வரிசையாக நின்றால் விடுவிக்கப்பட்ட ஹீப், 205 நின்றால் ஒதுக்கிய பின் எதுவும் எழுதப்படாத ஹீப், 204 நின்றால் எதுவும் எழுதப்படாத ஸ்டேக்.

காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. ஸ்கிரிப்டுக்கும் செருகுநிரலுக்கும் இடையே மதிப்புகளைக் கொண்டுசெல்லும் ஏவிஎஸ்வேல்யூ என்ற வகை, சரத்தைத் தனக்குள் நகலெடுத்துக்கொள்வதில்லை. சரம் இருக்கும் முகவரியை மட்டும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு செயற்கூறுக்குள் ஸ்டிரிங் வகுப்பில் உரையைச் சேர்த்து, அதன் சி-ஸ்டிர் தரும் சுட்டியை ஏவிஎஸ்வேல்யூவாகத் திருப்பி அனுப்பினால், செயற்கூறு முடியும் கணத்தில் அந்த உரை அழிந்துவிடுகிறது. ஸ்கிரிப்டின் கையில் மிஞ்சுவது காலி வீட்டின் முகவரி. திரும்பிச் செல்லும் சரத்தை ஸ்கிரிப்ட் சூழல் பொருளின் சேவ்ஸ்டிரிங் வழியாகவே அனுப்ப வேண்டும். அது உரையை நகலெடுத்து, சூழல் உயிரோடு இருக்கும் வரை காப்பாற்றும். அதே பொருளின் ஸ்பிரிண்ட்எஃப், உரையைக் கோத்து அந்தக் காப்பிடத்திலேயே வைத்துத் தருகிறது.

இதே தவறு கொஞ்சம் மறைந்து வரும் இடம் இன்வோக். உங்கள் ஃபில்டருக்குள்ளிருந்து சப்டைட்டில் போன்ற இன்னொரு ஃபில்டரை அழைத்து, அதற்கு உள்ளூர்ச் சரம் ஒன்றைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு வெற்றியாக முடிகிறது. ஆனால் அழைக்கப்பட்ட ஃபில்டர் சுட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, முதல் ஃபிரேம் கேட்கப்படும்போதுதான் உரையைப் படிக்கலாம். அதற்குள் உங்கள் உள்ளூர்ச் சரம் போயிருக்கும். உருவாக்கும் கட்டத்தில் இன்னொரு ஃபில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு சரத்தையும் சேவ்ஸ்டிரிங் செய்துவிடுவதே பாதுகாப்பு.

"என் கணினியில் சரியாக வருகிறதே" என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. விஷுவல் ஸ்டுடியோவின் ஸ்டிரிங் வகுப்பும் ஜிசிசி கம்பைலரின் ஸ்டிரிங் வகுப்பும் 15 பைட் வரையிலான உரையை ஹீப்புக்கு அனுப்பாமல் பொருளுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன. பொருள் ஸ்டேக்கில் இருந்தால் உரையும் ஸ்டேக்கில்தான். அடுத்த அழைப்பே அதை மேலெழுதிவிடும். அதைவிட நீளமான உரை ஹீப்பில் இருப்பதால், விடுவிக்கப்பட்ட பிறகும் சில நேரம் கெடாமல் கிடக்கும். "தமிழ்" என்ற சொல் யூடிஎஃப்-8 முறையில் மிகச் சரியாக 15 பைட். அது பொருளுக்குள் அடங்கிவிடும், அதனுடன் இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஹீப்புக்குப் போய்விடும். எனவே குறுகிய உரை ஒன்றையும் நீண்ட உரை ஒன்றையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒன்று கெட்டு மற்றொன்று பிழைத்தால், சரத்தின் ஆயுள்தான் பிரச்சினை என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

பிழைச் செய்தியே சிதைந்து வருகிறது, அல்லது பிழையை அறிவிக்கும் இடத்தில் நிரல் விழுகிறது

ஏவிசின்த்எர்ரர் என்ற விதிவிலக்கு வகையும் செய்தியின் சுட்டியை மட்டுமே சுமக்கிறது. உள்ளூர் வரிசை ஒன்றில் செய்தியை எழுதி, அதைக் கொண்டு இந்த விதிவிலக்கை நேரடியாக எறிந்தால், பிடிக்கும் இடத்துக்கு வந்து சேரும்போது அந்த வரிசை இருக்காது. சூழல் பொருளின் த்ரோஎர்ரர் செயற்கூறைப் பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

ஆனால் த்ரோஎர்ரரின் முதல் உள்ளீடு வடிவமைப்புச் சரம் என்பதை மறந்துவிடக் கூடாது. "கோப்பைத் திறக்க முடியவில்லை" என்ற செய்தியுடன் கோப்பின் பெயரை ஒட்டி, அந்த முழுச் சரத்தையும் முதல் உள்ளீடாகக் கொடுத்தால், சாதாரணப் பெயர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கும். பெயருக்குள் விழுக்காட்டுக் குறி ஒன்று வந்து, அதன்பின் ஆங்கில எஸ் எழுத்தும் வந்துவிட்டால், இல்லாத உள்ளீட்டைத் தேடி நிரல் விழும். வடிவமைப்புச் சரம் எப்போதும் நிரலில் எழுதப்பட்ட மாறிலியாக இருக்க வேண்டும். பயனரிடமிருந்து வருவது அதற்கு அடுத்த உள்ளீடாக மட்டுமே போக வேண்டும்.

ஓட ஓட நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போகிறது

தொடக்கத்தில் ஏறுவது கசிவு அல்ல. ஃபிரேம்களைச் சேமித்து வைக்கும் கேஷ் நிரம்புகிறது, அவ்வளவுதான். ஸ்கிரிப்டின் முதல் வரியில் செட்மெமரிமேக்ஸ் மதிப்பை 512 என்று வைத்து, ஏவிஎஸ்மீட்டர் போன்ற கருவியில் ஓடவிட்டு, கோடு ஓரிடத்தில் சமமாகிறதா என்று பார்க்கவும். சமமானால் பிரச்சினை இல்லை. சமமாகாவிட்டால், ஓர் இடைவெளியில் ஏறிய அளவை அந்த இடைவெளியில் ஓடிய ஃபிரேம்களின் எண்ணிக்கையால் வகுக்கவும். கிடைக்கும் எண் பாதி விடையைச் சொல்லிவிடும்.

8 பிட், 4:2:0 முறையில் 1920×1080 அளவுள்ள ஒரு ஃபிரேம் 31,10,400 பைட் எடுக்கும். ஃபிரேமுக்குச் சுமார் 3 எம்பி ஏறுகிறது என்றால், எங்கோ ஃபிரேம் விடுவிக்கப்படாமல் நிற்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்ற வேகத்தில் 13 விநாடிகளில் 1 ஜிபி போய்விடும் என்பதால் இது மறைந்திருக்காது. சி பிளஸ் பிளஸ் இடைமுகத்தில் ஃபிரேமைச் சுட்டும் வகையான பிவீடியோஃபிரேம், ஃபிரேமை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்வதால், நீங்களே ஃபிரேம்களை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டு நீக்க மறந்தால்தான் இது நேரும். சி இடைமுகத்தில் எழுதுபவரோ, வாங்கிய ஒவ்வொரு ஃபிரேமையும் தானே விடுவிக்க வேண்டும்; அங்கே முதலில் பார்க்க வேண்டியது, பிழை நேர்ந்து செயற்கூறின் நடுவிலேயே திரும்பிவிடும் பாதைகளை.

ஃபிரேமுக்குச் சில பத்து அல்லது சில நூறு பைட் மட்டும் ஏறுகிறது என்றால், ஒவ்வொரு ஃபிரேமையும் தயாரித்துத் தரும் கெட்ஃபிரேம் செயற்கூறுக்குள் யாரோ சேவ்ஸ்டிரிங் அல்லது ஸ்பிரிண்ட்எஃப் அழைக்கிறார்கள். முன் பகுதியில் மருந்தாகச் சொன்ன அதே செயற்கூறு இங்கே நோயாகிறது: அது சேமித்த சரம், சூழல் அழியும் வரை விடுவிக்கப்படுவதில்லை. செட்மெமரிமேக்ஸும் ஃபிரேம் கேஷைத்தான் கட்டுப்படுத்துமே தவிர இந்தச் சரக் காப்பிடத்தைத் தொடாது. 2 மணி நேரப் படத்தில் 1,80,000 ஃபிரேம்கள். ஒவ்வொன்றுக்கும் 100 பைட் என்றால் 18 எம்பி. ஒருமுறை ஓட்டி முடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. எடிட்டரில் நாள் முழுக்க முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பவருக்குத் தெரியும். ஃபிரேம் எண்ணையோ நேரத்தையோ படத்தின் மேல் எழுத, கெட்ஃபிரேமுக்குள் ஒரு சிறு உள்ளூர் வரிசையே போதும். எழுதி முடித்ததும் அது தானாகப் போய்விடும், போகவும் வேண்டும். உருவாக்கும்போது சேமிக்கலாம், ஓடும்போது சேமிக்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

எல்லாம் சரியாக ஓடி, ஸ்கிரிப்டை மூடும்போது விழுகிறது

மூடும்போது விழுவதற்குக் காரணங்கள் பல. அவற்றை நிகழும் வாய்ப்பின் வரிசையில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலாவது, உங்களுக்குச் சொந்தமில்லாததை விடுவிப்பது. உள்ளீட்டிலிருந்து ஆஸ்ஸ்டிரிங் வழியாக வரும் சுட்டி ஸ்கிரிப்ட் சூழலுக்குச் சொந்தமானது. பொருள் அழியும்போது ஓடும் டெஸ்ட்ரக்டரில் அதை விடுவிக்கும் வரி இருந்தால் நீக்கிவிடவும். இரண்டாவது, செருகுநிரல் ஒரு சி நூலகத்துடனும் அதை ஏற்றும் மென்பொருள் இன்னொன்றுடனும் கட்டப்பட்டிருக்கும்போது, ஒரு பக்கம் ஒதுக்கியதை மறுபக்கம் விடுவிப்பது. இரண்டும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள். ஸ்டிரிங் வகுப்பின் பொருளை டிஎல்எல் எல்லையைத் தாண்டி அனுப்புவதும் இதே வகைத் தவறுதான். ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மிங்டபிள்யூ கொண்டு கட்டுபவர்கள், விஷுவல் ஸ்டுடியோவில் கட்டப்பட்ட ஏவிசின்த்தோடு பேசச் சி இடைமுகத்தைப் பயன்படுத்த வேண்டியிருப்பதற்கும் வேர் இங்கேதான். இரு கம்பைலர்களின் சி பிளஸ் பிளஸ் பொருள் அமைப்புகள் ஒத்துப்போவதில்லை. மூன்றாவது, கிளிப்பைச் சுட்டும் பிகிளிப் அல்லது பிவீடியோஃபிரேம் வகை மாறியை உலகளாவிய நிலை மாறியாக வைத்திருப்பது. டிஎல்எல் இறக்கப்படும்போது அதன் டெஸ்ட்ரக்டர் ஓடும். அது தேடும் சூழல் அதற்கு முன்பே போயிருக்கும்.

நான்காவதுதான் தேடிப் பிடிக்கக் கடினமானது: ஒதுக்கிய இடத்தைத் தாண்டி ஒரே ஒரு பைட் எழுதுவது. சரத்தின் நீளத்தை எஸ்டிஆர்லென் கொண்டு அளந்து, சரம் முடிவதைக் காட்டும் இறுதிச் சுழி பைட்டுக்கு 1 கூட்டாமல் ஒதுக்குவது இதன் வழக்கமான வடிவம். நான் எழுதிய ஒரு செருகுநிரலில் இந்தத் தவறு மாதக் கணக்கில் தெரியாமல் கிடந்தது. சோதிக்க நான் எப்போதும் கொடுத்த பெயர் "தமிழ்". 15 பைட் கேட்டால் மேலாளர் 16 ஆக்கித் தருவதால், எல்லை தாண்டிய சுழி அந்த ஒரு பைட் இடைவெளியில் சத்தமில்லாமல் அமர்ந்துகொண்டது. இதைப் பிடிக்க, ஜிஃபிளாக்ஸ் கருவியில் செருகுநிரலை ஏற்றும் மென்பொருளின் பெயருக்கு முழுப் பேஜ்ஹீப்பை இயக்கவும். ஒவ்வோர் ஒதுக்கீடும் ஒரு பக்கத்தின் விளிம்பில் வைக்கப்பட்டு, அடுத்த பக்கம் தொட முடியாததாக்கப்படும். எல்லை தாண்டும் வரியிலேயே நிரல் நிற்கும். ஆனால் அங்கேயும் 16 பைட் ஒழுங்கு காக்கப்படுவதால், 15 பைட் சரத்தின் தவறு விடுவிக்கும்போதுதான் தெரியும். சோதனைச் சரத்தின் நீளம் 16இன் மடங்காக இருக்கட்டும். தமிழில் 16 குறியீட்டுப் புள்ளிகள் (எழுத்துக்கோ, அதன்மேல் வரும் குறிக்கோ யூனிகோடு தரும் தனி எண்கள்) என்றால் 48 பைட், அது சரியான கண்ணி.

சரத்தை நகலெடுக்கும் எஸ்டிஆர்என்சிபிஒய் பற்றியும் ஒரு வார்த்தை: இலக்கு வரிசை நிரம்பிவிட்டால் அது இறுதிச் சுழியை வைப்பதில்லை. விஷுவல் ஸ்டுடியோ 2015க்கு முந்தைய நிரல்களில் எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த பழைய செயற்கூறும் அப்படித்தான். பழைய செருகுநிரலை எடுத்துத் திருத்துபவர்கள் இவ்விரண்டையும் முதலில் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

படம் சாய்வாகக் கிழிந்து வருகிறது, அல்லது கடைசி வரிகளுக்கு அருகே விழுகிறது

இது சரத்தைப் பற்றியதன்று. ஆனால் இதே வேரிலிருந்து வருவது. ஒரு வரிப் படத்தின் பைட் நீளமும், ஒரு வரியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு உள்ள தூரமான பிட்ச்சும் ஒன்றல்ல. ஏவிசின்த் பிளஸ் ஒவ்வொரு வரியையும் 64 பைட் எல்லையில் தொடங்குகிறது. பழைய ஏவிசின்த் 16 பைட் எல்லையில் தொடங்கியது. 720 அகலமுள்ள படத்தில் 720 என்பது 16இன் மடங்கு, ஆனால் 64இன் மடங்கன்று. அதனால் பழையதில் பிட்ச் 720, புதியதில் 768. பழையதில் ஆண்டுக்கணக்கில் ஓடிய செருகுநிரல் புதியதில் படத்தைச் சாய்ப்பதற்கு இதுவே காரணம்.

இந்தத் தவறு முழு எச்டி படத்தில் வெளியே வராது. 1920 என்பது 64இன் 30 மடங்கு, நிறத் தளத்தின் 960 என்பது 15 மடங்கு, இடைவெளியே இல்லை. ஆகவே 1920 அகலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிடக் கூடாது. சோதனை ஸ்கிரிப்டில் வலப்பக்கம் 16 பிக்சலைக் க்ராப் செய்து 1904 ஆக்கினால் போதும், தவறு உடனே வெளிப்படும். நகலெடுக்கச் சூழல் பொருளின் பிட்பிளிட்டைப் பயன்படுத்துவது, இரு பிட்ச்களையும் தனித்தனியே கேட்பதால், இந்தக் கணக்கிலிருந்து உங்களை விடுவிக்கும்.

எழுதும் சுட்டி வெற்றாக வருகிறது, அல்லது தொடாத ஃபிரேமும் மாறுகிறது

ஒரே ஃபிரேமைப் பல ஃபில்டர்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஃபிரேமை எழுதத்தக்கதாக்கும் மேக்ரைட்டபிள் அழைக்காமல் முதல் தளத்துக்கு எழுதும் சுட்டி கேட்டால், பகிரப்பட்ட ஃபிரேமுக்கு வெற்றுச் சுட்டி வரும். அதில் எழுதினால் நிரல் விழும். விழுவதாவது நல்லது. படிக்கும் சுட்டியின் கான்ஸ்ட் தன்மையைக் கழற்றிவிட்டு எழுதினால் விழாது, மாறாகக் கேஷில் இருக்கும் மூல ஃபிரேம் கெடும். பின்னோக்கி இழுத்துப் பார்க்கும்போது உங்கள் விளைவு ஒரே ஃபிரேமின் மேல் இருமுறை, மும்முறை ஏறியிருக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு: மேக்ரைட்டபிள் தேவைப்பட்டால் ஃபிரேமைப் புதிதாக நகலெடுப்பதால், அதற்கு முன் வாங்கி வைத்த சுட்டி பழைய ஃபிரேமையே காட்டும். சுட்டிகளை அதற்குப் பிறகே வாங்கவும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ லத்தீன் குப்பையாகவோ வருகின்றன

இவ்விரண்டும் எதிரெதிரான நோய்கள். கேள்விக்குறிகள் வந்தால், எங்கோ ஓரிடத்தில் உரை விண்டோஸின் ஏஎன்எஸ்ஐ குறிமுறைக்கு மாற்றப்பட்டு, எழுத்துகள் ஏற்கெனவே தொலைந்துவிட்டன. அந்த இடத்துக்குப் பிறகு என்ன செய்தாலும் மீட்க முடியாது. தமிழுக்கு விண்டோஸில் ஏஎன்எஸ்ஐ குறிமுறைப் பக்கமே கிடையாது, யூனிகோடு மட்டுமே உண்டு என்பதால், அந்த மாற்றம் நடக்கும் எந்த இடமும் தமிழைத் தின்றுவிடும். மாறாக, தலையில் கோடிட்ட லத்தீன் ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால், பைட்டுகள் முழுமையாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் 224 என்ற பைட்டில் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வருகிறது. அவற்றை மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் படித்தால் தெரிவது அந்த உருவங்களே. எழுத்தைப் படத்தில் காட்டுவதானால், சப்டைட்டில் ஃபில்டருக்கு யூடிஎஃப்-8 என்று சொல்லும் உள்ளீடு ஏவிசின்த் பிளஸில் இருக்கிறது. கோப்பைத் திறப்பதானால், உரையை விண்டோஸின் அகல எழுத்துகளாக மாற்றி, அகல எழுத்து ஏற்கும் செயற்கூறால் திறக்கவும்.

அளவும் ஒரு சிக்கல். 260 பைட் வரிசையில் கோப்பின் பாதையை வைக்கும் பழக்கம் பல பழைய செருகுநிரல்களில் இருக்கிறது. 87 குறியீட்டுப் புள்ளிகள் கொண்ட தமிழ்ப் பாதை ஒன்று 261 பைட் ஆகிவிடும். விண்டோஸுக்கு அது மிகச் சாதாரண நீளம். உரையை வெட்ட வேண்டியிருந்தால், வெட்டும் இடத்தில் உள்ள பைட் 128 முதல் 191 வரையிலான மதிப்பாக இருந்தால், அப்படி இல்லாத பைட் வரும் வரை பின்னோக்கி நகர்ந்து, பிறகு வெட்டவும். இல்லாவிட்டால் எழுத்தின் நடுவில் வெட்டிய துண்டு கட்டமாகத் தெரியும். அப்படிச் செய்தாலும் "தமிழ்" என்பதை 12 பைட்டில் வெட்டினால் "தமிழ" என்றாகும். புள்ளி ஒரு தனிக் குறியீட்டுப் புள்ளி. முடிந்தவரை வெட்டாமல் இருப்பதே என் விருப்பம்.

ப்ரீஃபெட்ச் இயக்கினால் மட்டும் வேறு ஃபிரேமின் உரை வருகிறது

ப்ரீஃபெட்ச், ஃபிரேம்களைப் பல த்ரெட்களில் ஒரே நேரத்தில் தயாரிக்கச் செய்கிறது. ஸ்டேட்டிக் என்று அறிவிக்கப்பட்ட வரிசையைத் தேடவும். பல த்ரெட்கள் ஒரே வரிசையில் எழுதுகின்றன. வரிசையை உள்ளூர் மாறியாக்கினால் தீரும். அது முடியாதென்றால், செட்கேஷ்ஹின்ட்ஸ் வழியாக உங்கள் ஃபில்டரை வரிசையாக ஓடுவதாக அறிவிக்கவும்.

ஓபிஎஸ் செருகுநிரலில் என்ன மாறுகிறது

ஓபிஎஸ் தனக்கென நினைவகச் செயற்கூறுகளை வைத்திருக்கிறது. பிமெல்லாக், பிஸ்டிர்டப் ஆகியவற்றால் வந்ததைப் பிஃப்ரீ கொண்டு மட்டுமே விடுவிக்க வேண்டும். சாதாரண ஃப்ரீ அழைத்தால் விண்டோஸில் விழும். குழப்பம் வருவது, ஒரே மாதிரித் தோன்றும் செயற்கூறுகள் வெவ்வேறு உரிமை விதிகளைக் கொண்டிருப்பதால். அமைப்புகளிலிருந்து உரையைத் தரும் ஓபிஎஸ் டேட்டா கெட் ஸ்டிரிங் அமைப்பின் உள்ளே உள்ள சுட்டியையே தருகிறது; விடுவிக்கக் கூடாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. பயனர் பண்புகள் சாளரத்தில் உரையை மாற்றியதும் அந்தச் சுட்டி செல்லாததாகிவிடும். தேவையென்றால் அப்டேட் செயற்கூறில் பழைய நகலைப் பிஃப்ரீ செய்து, பிஸ்டிர்டப் கொண்டு புதிய நகல் எடுக்கவும். மொழிபெயர்ப்பைத் தரும் ஓபிஎஸ் மாட்யூல் டெக்ஸ்ட்டும் விடுவிக்கக் கூடாத சுட்டி. கோப்புப் பாதையைத் தரும் ஓபிஎஸ் மாட்யூல் ஃபைல் மட்டும் புதிதாக ஒதுக்கித் தருகிறது. அதைக் கட்டாயம் பிஃப்ரீ செய்ய வேண்டும்.

ஓபிஎஸ் மூடும்போது பதிவுக் கோப்பின் இறுதியில் விடுவிக்கப்படாத ஒதுக்கீடுகளின் எண்ணிக்கையை எழுதுகிறது. செருகுநிரலை நீக்கிவிட்டு ஒருமுறையும், சேர்த்து ஒருமுறையும், பண்புகள் சாளரத்தைப் பத்து முறை திறந்து மூடி ஒருமுறையும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும். இரண்டாவதில் 1 கூடி, மூன்றாவதிலும் அதே 1 நின்றால், செருகுநிரல் ஏற்றப்படும்போது ஒதுக்கியதை விடுவிக்க மறந்திருக்கிறீர்கள். மூன்றாவதில் பத்து கூடியிருந்தால், பண்புகளைக் கட்டும் செயற்கூறைத் திறந்து, அங்கே ஓபிஎஸ் மாட்யூல் ஃபைல் அழைக்கப்படும் வரியைத் தேடவும்.